புகழ்வேந்தன் காத்த வெடிமருந்துக் கிடங்கு

தையலம்மாளின் பதினோரு ஆடுகளையும் கிடங்கிலிருந்து வெளியே ஓட்டி முடிப்பதற்குள், இளநிலைப் பொறியாளர் புகழ்வேந்தனின் சட்டையில் இரண்டு பொத்தான்கள் போயிருந்தன.

கரியமாணிக்கத்துக்கு மேற்கே, கரும்புக் கொல்லைகளுக்கு நடுவில் நின்ற அந்தக் கட்டடத்துக்கு ஜன்னலே கிடையாது. சுவர் ஒன்றரை அடி கனம். பிரெஞ்சுப் படையின் வெடிமருந்துக் கிடங்கு ஒன்று அந்தப் பக்கம் இருப்பதாகக் கோப்பு சொன்னது. பார்த்ததுமே இதுதான் என்று புகழ்வேந்தன் முடிவு செய்துவிட்டார். அதைப் பாதுகாத்து, மறுபயன்பாட்டுக்குத் திட்டம் போட்டு, இரண்டு வாரத்தில் மரபுக் கட்டட நிபுணரிடம் காட்ட வேண்டும். தவறினால் எங்கோ ஆந்திராவுக்கு நடுவில் கிடக்கும் ஏனாமுக்கு மாற்றல் என்று மேலதிகாரி சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். இதற்கு முன் அவர் அப்படிச் சிரித்துச் சொல்லியிருந்த மூன்று பேரும் இப்போது ஏனாமில்தான் இருந்தார்கள்.

"மழ வந்தா ஆட்ட எங்க சார் கட்டுவேன்?" என்றாள் தையலம்மாள்.

"ராணுவக் கட்டடம்மா இது. அரும தெரியாம ஆட்டப் போட்டு அடச்சி வெச்சிருக்கீங்க."

ஆடுகள் போனதும் முதல் சிக்கல் வந்தது. படிவத்தில் 'தற்போதைய பயன்பாடு' என்ற கட்டம் காலியாகிவிட்டது. பயன்பாடே இல்லாத கட்டடத்துக்கு இடிப்புப் படிவம்தான் பொருந்தும் என்றது அலுவலகம். அவசரமாக ஒரு நூலகம் என்று எழுதினார். அலமாரி மாட்டச் சுவரில் துளை போட்டதும், ஒரு கதவு அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்து விழுந்தது.

மூலக்குளத்திலிருந்து இருசப்பன் என்ற கொத்தனாரைக் கூட்டிவந்து, சாயங்காலத்துக்குள் சிமெண்டு வைத்துப் பூசினார். அனுப்பிய படத்தைப் பார்த்த நிபுணர் சுவேதா உடனே போன் செய்தார். சுண்ணாம்புச் சுவரில் சிமெண்டு வைப்பது அதன் மூச்சை அடைப்பதற்குச் சமம், உடனே எடுங்கள் என்றார். எடுத்தார்கள். சிமெண்டோடு சுவரும் வந்தது. ஒரு டிராக்டர் நுழையும் அளவுக்கு ஓட்டை.

புதுச் செங்கல் வைத்தால் நிபுணர் கண்டுபிடித்துவிடுவார். பழைய செங்கல் தேடிப் புகழ்வேந்தனும் இருசப்பனும் இரண்டு நாள் அலைந்தார்கள். பனந்தோப்புக்குள், முள் மண்டி, கூரையில்லாமல் ஒரு குட்டிச்சுவர் கிடந்தது. மெல்லிய, தட்டையான செங்கல். உரிமை கொண்டாட யாருமில்லை. அஸ்திவாரம் வரை பெயர்த்துக்கொண்டு வந்தார்கள்.

"ஒவ்வொண்ணும் இரும்பாட்டம் கீது சார். மூணு உளி மழுங்கிப் போச்சி," என்றார் இருசப்பன்.

ஓட்டை அடைபட்டது. மேலே கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் குழைத்த சுண்ணாம்புப் பூச்சு. வெல்லத்துக்கு எறும்பு வந்தது. எறும்புக்குப் பின்னாலேயே ஆடுகள் வந்து சுவரை நக்கின. நிபுணர் வரும்வரை மூன்று நாள், கையில் வேப்பங்குச்சியோடு புகழ்வேந்தனே காவல் நின்றார்.

சுவேதா வந்தார். சுவர்களைத் தட்டிக்கொண்டே சுற்றிவந்தார். பூச்சு காயாத இடத்துக்கு வந்ததும், செங்கல் தெரியுமளவுக்கு அதைச் சுரண்டிவிட்டு உருப்பெருக்கியை எடுத்தார். புகழ்வேந்தனுக்குக் கண்ணுக்குள் ஏனாம் தெரிந்தது.

"இந்தச் செங்கல் நிச்சயமா இருநூத்தம்பது வருஷத்துக்கு முந்தினது சார். மத்த சுவரெல்லாம் பின்னாடி யாரோ மாத்திக் கட்டியிருக்கணும். இத எப்படிக் காப்பாத்தி வச்சிருந்தீங்க?"

புகழ்வேந்தன் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டார். பரிந்துரை எழுதியாகிவிட்டது. விதிப்படி உள்ளூர்க்காரர் ஒருவருடைய கருத்து மட்டும்தான் பாக்கி. ஆடுகளை ஓட்டிக்கொண்டு அந்த வழியாகப் போன தையலம்மாளை நிறுத்தி, இந்தக் கிடங்கைப் பற்றி என்ன தெரியும் என்று சுவேதா கேட்டார்.

"இதுவா? நான் கண்ணாலமாயி வந்த வருசம் சொசைட்டிக்காரங்க கட்டுன உர குடோன்மா இது. பிரெஞ்சுக்காரன் மருந்து வெச்சிருந்தது, போன வாரம் இந்த சார் செங்கல்லுக்கோசரம் இடிச்சாரே, பனந்தோப்புல, அது."