மரகதத்துக்கு நட்ட பந்தக்கால்

எனக்குக் கனவு காண ராத்திரி தேவையில்லை. பல் தேய்க்கும்போதே எங்கேயாவது போய்விடுவேன் (பிரஷ் மட்டும் வாயில் இருக்கும்). இந்த வியாதியால் என் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது.

அப்போதே என்னிடம் மரகதம் என்று ஒரு இகுவானா இருந்தாள். முறையாகப் பதிவு செய்து வளர்க்கிற வெளிநாட்டுப் பிராணி. பீர்க்கன்கரணையில் எங்கள் தெருவுக்கு அவள் வெறும் ஓணான்தான். அவள் கூண்டில் ஏறி உட்கார ஒரு கிளை தேடி வாரக்கணக்கில் அலைந்தேன். வேம்பு வாசனை அவளுக்கு ஆகாது, யூகலிப்டஸில் எண்ணெய். ஏரிக்கரையில் ஒதுங்கியிருந்த அழகான கட்டை கையில் எடுத்ததும் பொடிப்பொடியாக உதிர்ந்தது. கடைசியில் எதிர்வீட்டு எல்லப்பன் அண்ணா தோட்டத்தில் கொய்யாக் கிளை ஒன்று காற்றில் முறிந்து விழுந்தது. பூச்சிமருந்து படாத மரம், வழவழப்பான பட்டை. பார்த்ததும் சொக்கிவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் நான் காதலித்த சுகந்தியின் அப்பா எங்கள் வீட்டைப் பார்க்க வருவதாக இருந்தது. ரொம்ப நாள் கெஞ்சிக் கூத்தாடி அவள் வாங்கிய சம்மதம் அது. பஜ்ஜிக்கு வாழைக்காய் வாங்க அம்மாவும் அப்பாவும் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போனார்கள். சாயந்திரம் வரைக்கும் நேரம் இருக்கிறதே என்று நான் கிளையோடு உட்கார்ந்தேன்.

தேங்காய் நார் போட்டுத் தேய்த்தேன். அண்டா நிறைய வெந்நீர் காய்ச்சி ஊற்றினேன். பூச்சி புழு ஏதாவது மிச்சமிருந்தால் என்ன செய்வது என்று தாராளமாக மஞ்சள் தூளைக் கரைத்துப் பூசினேன். வெயில் நன்றாக விழும் ஈசானிய மூலையில், கேட்டுக்குப் பக்கத்தில் குழி தோண்டி, காய்வதற்காக நட்டேன். அதோடு விட்டிருக்கலாம். இலையோடு இருந்தால் எப்படி இருக்கும் என்று பார்க்கிற ஆசையில் உச்சியில் ஒரு மாவிலைக் கொத்தை மஞ்சள் துணியால் கட்டினேன். எதிரே நாற்காலி போட்டுக் கண்ணைப் பாதி மூடினால், தெரு மறைந்து பெரிய மழைக்காடு வந்தது. இலையெல்லாம் சொட்டியது. மரகதம் உச்சாணியில் படுத்திருந்தாள். அவ்வளவு நிம்மதியாக நான் எங்கேயும் இருந்ததில்லை. அப்படியே எழுந்து குளிக்கப் போனேன்.

சுகந்தியின் அப்பா சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். ஆட்டோவை விட்டு இறங்கியவர் கிளையைப் பார்த்துத் திகைத்து, எல்லப்பன் அண்ணாவிடம் யாருக்குக் கல்யாணம் என்று விசாரித்திருக்கிறார்.

"இந்த வூட்டுப் பையனுக்குத்தான் சார். பந்தக்கால் நட்டு கீதே, தெரில?"

வாங்கி வந்த பழத்தோடு அதே ஆட்டோவில் ஏறிவிட்டார். நான் தலை துவட்டும்போது சுகந்தியின் போன்.

"உங்க வீட்ல யாருக்குக் கல்யாணம்?"

"அது ஓணானுக்கு நட்டது சுகந்தி."

போனை வைத்துவிட்டாள். சாட்சிக்கு வேறு வழி தெரியாமல் மரகதத்தைத் தோளில் ஏற்றி, கிளையைப் பிடுங்கி ஸ்கூட்டரில் குறுக்கே வைத்துக்கொண்டு பறந்தேன். இரும்புலியூர் சிக்னலில் ஆட்டோவைப் பிடித்துவிட்டேன். சட்டையில் பொத்தான் மாறியிருந்தது, கையெல்லாம் மஞ்சள். பஸ்ஸில் இருந்தவர்கள் செல்போனைத் தூக்கினார்கள். கொய்யா, வெந்நீர், பூச்சி என்று மூச்சு வாங்க நான் உளறியதை அவர் முழுசாகக் கேட்டார். மரகதமும் அவரும் ஒருவரை ஒருவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ரொம்ப மெதுவாகச் சொன்னார்.

"ஓணானுக்கு நட்டாச்சு. என் பொண்ணுக்கு எப்ப தம்பி நடப்போறீங்க?"

அடுத்த தை மாதம் நட்டோம். இந்தக் கதையை வீட்டில் சொல்லிச் சொல்லி எங்கள் மகளுக்கு மனப்பாடம். போன மாதம் பள்ளிக்கூடத்தில், எங்கள் அப்பாவுக்கு அம்மா இரண்டாவது மனைவி என்று சொல்லிவைத்திருக்கிறாள். பெற்றோர் கூட்டத்தில் டீச்சர் என் பக்கமே திரும்பவில்லை. சுகந்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, உண்மையா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஆமா மிஸ்," என்றாள் சுகந்தி, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல். "மூத்தவ இன்னும் எங்ககூடத்தான் இருக்கா."