சாவியோ சுட்ட பிஸ்கட்

மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கான விருந்துக்கு வெண்ணெய் பிஸ்கட்டைத் தானே செய்யப்போவதாகச் சாவியோ அறிவித்தபோது, கரோலின் சங்கரா மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது.

"இன்னா சொன்ன?"

"கலர் கலரா ஐசிங் வெச்சி, மேசையில நானே அடுக்குறேன். ஹார்பர்ல அம்மாம்பெரிய கன்டெய்னரையே கிரேன்ல பூ மாரி தூக்கி வெக்கிறவன். பிஸ்கட்டு எனக்கு எம்மாத்திரம்?"

"சரி. எதுக்கு இந்தத் திடீர் பாசம்?"

"வந்தவங்க நல்லாகீதுன்னு சொல்லிட்டா, ஞாயித்துக்கிழம நான் கேரம் கிளப்புக்குப் போறத நீ கேக்கக்கூடாது."

"சொல்லலேன்னா?"

"போர்டாண்டயே போவமாட்டேன். மாதா மேல ஆணை."

கேரம் இல்லாத ஞாயிறு சாவியோவுக்கு ஞாயிறே இல்லை. கரோலினோ பூசை முடிந்ததும் மீன் கழுவ, மிக்ஸி சுமக்க, அவள் அண்ணன் வீட்டுக்கு உடன் வர என்று அவனைப் பிடித்துவைத்துக்கொள்வாள். கல்யாணமான நாள் முதல் நடக்கும் சண்டை இது.

பிஸ்கட் மாவைத் தண்ணீரே காட்டாமல், வெண்ணெயோடு லேசாக உதிர்த்துச் சேர்க்க வேண்டும். சாவியோ ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினான். பரோட்டா மாஸ்டரைப் போல் இழுத்தான், அடித்தான், குத்தினான். மேல்வீட்டுக்காரர் சண்டை விலக்க ஓடிவந்தார். மாவைப் புறா வடிவில் வெட்டினான், ஆமை வந்தது.

அந்தத் தெருவில் விசேஷம் என்றால் மாவைத் தட்டில் அடுக்கி உசேன் பாய் பேக்கரிக்கு எடுத்துப்போவார்கள். பாய் தன் விறகு அடுப்பில் வைத்துச் சுட்டுத் தருவார். சாவியோவின் தட்டும் போனது, சுட்டு வந்தது. பேக்கரியிலேயே நின்று ஆசையாக ஒரு ஆமையைக் கடித்தான். பல் ஆடியது. கை தவறிக் கீழே விழுந்தது. ஆமைக்கு ஒன்றும் ஆகவில்லை, டைல்ஸ் விரிசல் விட்டது.

"நைனா," என்றார் பாய், "காசிமேட்டாண்ட அலை தடுக்கக் கல்லு கொட்றாங்களே, அவங்களாண்ட கேட்டுப் பாரேன்."

சொல்லிவிட்டுத் தொழுகைக்குப் போய்விட்டார்.

சாவியோவின் தட்டுக்குப் பக்கத்திலேயே இன்னொரு தட்டு இருந்தது. வட்ட வட்டமாக, பொன்னிறமாக. ஒன்றை வாயில் போட்டான். கரைந்தே போனது. சாவியோ நல்லவன்தான், அடுத்தவர் பொருளுக்கு ஆசைப்படாதவன்தான். ஆனால் விருந்து நாளை, கேரம் அதற்கு மறுநாள். சிலுவை போட்டுக்கொண்டான். தட்டை மாற்றிக்கொண்டான்.

வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு ஐசிங் வைத்தான். பூசையின் இரசக் கிண்ணம் வரைந்தான், கேஸ் சிலிண்டராக வந்தது. தேவதைக்கு மீசை விழுந்தது. பாதகமில்லை; விருந்தில் எல்லாம் பறந்தது. பங்குச் சாமியார் நாலு எடுத்தார். கேரம் கிளப்புத் தலைவர் தண்டபாணி பாக்கெட்டிலும் போட்டுக்கொண்டார். சாவியோ காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டபோது, கரோலின் கைதட்டி எல்லாரையும் அழைத்தாள்.

"கேளுங்க! எங்க வூட்டுக்காரரு வாராவாரம் ஞாயித்துக்கிழம ஜெபக்கூட்டத்துக்கு இத்த அவரு கையாலயே செஞ்சி தர்றேன்னாரு!"

சாமியாரே முதலில் கைதட்டினார்.

சாவியோ அவளைச் சமையலறைக்கு இழுத்துப்போனான்.

"இன்னாமே இது! அப்ப கேரம்?"

"தாராளமா போ. நீதான் ஜெயிச்சிட்டியே. பிஸ்கட்ட முடிச்சிட்டுப் போ."

சாவியோ தான் சுட்ட ஆமைகளை நினைத்தான்.

"கரோ... அது நான் செஞ்சது இல்ல. பாய் கடையில எவளோ வெச்சிட்டுப் போனது."

"தெரியும். அந்த எவளோ நான்தான்."

"இன்னாது?"

"புள்ள விருந்த உன்ன நம்பி உடுவேனா? பாயாண்ட சொல்லி, உன் தட்டுக்குப் பக்கத்துலயே வெக்கச் சொன்னேன்."

"அப்ப... என்னுது?"

"வாசக் கதவாண்ட கீது. காத்துக்குக் கதவு அடிச்சிகினே கெடந்துது. இப்ப அசையல."

"கரோ..."

"நீயே ஒத்துகின. பந்தயத்துல தோத்துட்ட. கேரம் கட்."

"சரி, ஜெபக்கூட்டத்துக்காவது இல்லேன்னு சொல்லிடு."

"சாமியாரே கைதட்டிட்டாரே, எப்டி சொல்றது? கத்துக்குடுக்கிறேன். தண்ணி மட்டும் ஊத்தாத."

மறுநாள் பூசை முடிந்து வந்து சாவியோ மாவை உதிர்க்க உட்கார்ந்தான். கைகளெல்லாம் வெண்ணெய். கரோலின் புதுப் புடவையில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்கமே கெளம்பிட்ட?"

"கிளப்புல ஒரு ஆளு கொறையுதாம். தண்டபாணி அண்ணன் கூப்டுகினே கீறாரு. உன் ஸ்ட்ரைக்கர எங்க வெச்ச?"