உள்ளே இருப்பது யார்?

"எம் பேருக்கு ஆர்டர் போட்டுக் குடுங்க சார்."

கேட்டே விட்டாள் லோகப்பிரியா. முதலாளி ஸ்ரீனிவாஸிடம் எதை வேண்டுமானாலும் கேள், வேலை நிரந்தர ஆர்டர் மட்டும் கேட்காதே என்று டைப்பிஸ்ட் ராமாமணி படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். அந்தச் சரவணம்பட்டி பம்ப் கம்பெனியின் கம்ப்யூட்டர்களை இரண்டு வருஷமாகக் கட்டி மேய்ப்பது லோகப்பிரியாதான். ரிஜிஸ்டரில் மட்டும் இன்னும் டிரெயினி. வீட்டிலேயே முதல் பட்டதாரி அவள்; கிணத்துக்கடவில் அப்பா பஸ் கண்டக்டரிடம்கூடச் சொல்லி வைத்திருந்தார், 'மகள்தான் அங்கே ஆபீசர்' என்று.

ஸ்ரீனிவாஸ் சிரித்தார். "போட்டுரலாம் கண்ணு. பழைய டிஸ்க்கு கரகரங்குதே, அதைக் கழட்டிப்போட்டுப் புதுசை மாட்டு. இன்னிக்குப் புதன், பன்னெண்டுக்கு ராகுகாலம். அதுக்குள்ள முடிச்சுரு."

தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பம்ப் படங்கள் எல்லாம் அந்த டிஸ்க்கில். ஒயர் வழியாகப் பெரிய மெஷினோடு இணைந்திருந்தது. இணைப்பை அவிழ்க்க ஒரே கட்டளை போதும். ஆனால் ஏதாவது ஃபைலைத் திறந்துவைத்து உள்ளே ஒரே ஒரு ஆள் இருந்தாலும் அவிழாது.

தட்டினாள். 'பிஸி' என்றது திரை.

"ஏனுங்க, எல்லாரும் படத்தை மூடிப்போட்டு வெளிய வாங்க!"

"வந்தாச்சுங்க அம்மணி," என்றார் படம் வரையும் பாலகோபால்.

"சசிதர்?" அவன் முதலாளியின் அக்கா மகன்.

"அவரு இன்னிக்கு லீவுங்க."

தட்டினாள். பிஸி.

ஒயரைப் பிடுங்கிப் பார்த்தாள். எல்லாத் திரைகளும் கல்லாய்ச் சமைந்தன. "அம்மணி, என்ற மவுஸ் செத்துப்போச்சுங்க!" திரும்ப மாட்டினாள். மவுஸ் பிழைத்தது. பிஸியும் பிழைத்தது.

"எல்லாரும்னா எல்லாருமுங்களா?"

"ஒருத்தருகூடப் பாக்கியில்லீங்க."

மணி பதினொன்றே முக்கால். கோபம் போய் ஆவல் வந்துவிட்டது. அப்படி யார்தான் உள்ளே? மெஷினையே கேட்டாள். 'ரூட்' என்று பதில் வந்தது. எல்லாருக்கும் மேலான பெயர். அதன் பாஸ்வேர்ட் தனக்கு மட்டுமே தெரியும் என்று நினைத்திருந்தாள். அட, தானேதான் காலையில் திறந்துவிட்டு மறந்திருக்கிறாள்! வெட்கத்தோடு, திறந்திருந்த அந்த வேலையை ஒரு கட்டளை போட்டுக் கொன்றாள். இணைப்பு பொசுக்கென்று அவிழ்ந்தது. நகலெடுத்து வைத்திருந்த புது டிஸ்க், குங்குமப் பொட்டோடு பன்னிரண்டுக்கு மூன்று நிமிஷம் முன்னால் ஓடியது.

முதலாளி அறையிலிருந்து அலறல் கேட்டது. எல்லாரும் ஓடினார்கள்.

"காலையில இருந்து ஒத்தை வெரல்ல அடிச்ச ஆர்டரு, கண்ணு முன்னால மறைஞ்சுபோச்சே!"

லோகப்பிரியா பாலகோபாலைத் திரும்பிப் பார்த்தாள். "எல்லாரும் வந்தாச்சுன்னீங்க?"

"நாங்க எல்லாரும் வந்தோமுங்க. மொதலாளியைப் போயி வெளிய வாங்கன்னு சொல்ல முடியுமுங்களா?"

முதலாளியின் திரை மூலையில் 'ரூட்' என்று இருந்தது. "ரூட்டுங்கற பேரை உங்களுக்கு யாரு சார் குடுத்தாங்க?"

"சசிதர்தான். மொதலாளின்னா எல்லாத்துக்கும் மேல இருக்கற பேருதான் மரியாதைன்னான். அதை உடு கண்ணு. ஆர்டரைத் திருப்பி எடுக்க முடியுமா?"

அவள் கேட்ட ஆர்டர்! ராமாமணியிடம்கூடக் கொடுக்காமல் தானே உட்கார்ந்து அடித்திருக்கிறார். லோகப்பிரியாவுக்கு மனசு இளகிவிட்டது. மீட்கும் கட்டளை அவளுக்குத் தெரியும். உட்கார்ந்து பாதி தட்டியும் விட்டாள்.

காபி டம்ளரை மேசையில் வைத்த பியூன் அங்கப்பன் சொன்னார்: "வெரசா எடுத்துக் குடுங்க அம்மணி. மேனேஜர் ஆர்டரு வாங்கறதுக்குச் சசிதர் தம்பி புதுச் சட்டை போட்டுக்கிட்டு கீழ ஒக்காந்திருக்காரு."

தட்டிய எழுத்துகளை ஒவ்வொன்றாக அழித்தாள். பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"ஏ கண்ணு, எங்க போறே?"

"எல்லாரும் வெளிய வாங்கன்னு சொன்னனில்லீங்க," என்றாள், திரும்பிப் பார்க்காமல். "நான் ஒருத்திதான் பாக்கி."