ஓய்வுக்குறி மீட்ட படலம்

வாழ்க ஐரீன். உப்புக்காற்று துருப்பிடிக்க வைக்காத ஒரே பொருளான தன் குரலை மூன்றாண்டுக் காலம் பிறர் குரல்களுக்கு அடியில் பொதிந்து காத்தவளும், ராயபுரத்துக் கத்தோலிக்கக் கோயிலின் பாடகர் படையில் இரண்டாம் குரல் என்னும் காவற்கோட்டத்தில் துணையின்றித் தனியொருத்தியாய் நின்றவளும், நீண்ட பின்னலும் குறுகிய பேச்சும் உடையவளும், துறைமுகத்தில் வின்ச்சு ஓட்டும் இக்னேஷியஸின் தலைமகளுமான ஐரீன் வாழ்க. இரண்டு தாளத்தட்டு நேர மௌனத்துக்காக அவள் தொடுத்த போரைச் சொல்லப் புகுகிறோம். கடலே, சற்று அலையடக்கு. துறைமுகத்துச் சங்கே, பொறு. எண்ணூர்ப் பக்கத்துப் புகையே, நீ மட்டும் வழக்கம்போல வா. உன்னைத் தடுக்கும் வல்லமை எமக்கில்லை.

இலத்தீன் போய்த் தமிழில் பூசை வந்த புதிது. திருவிழாவுக்கு இன்னும் சில வாரங்களே இருந்தன. கப்பல்களின் வயிற்றிலிருந்து மூட்டைமலைகளைப் பெயர்த்தெடுத்துக் கரையில் நாட்டும் பெருந்திறலோன் இக்னேஷியஸ், கருவாட்டுக் குழம்பைச் சோற்றில் ஊற்றிக்கொண்டே மகளை நோக்கி ஆணை பிறப்பித்தார்.

“மூணு வருசமா பாட்றேன் பாட்றேன்னுகினு போற. ஒரு நாளும் உன் கொரலு என் காதுல வுய்ல. ஹில்டா கொரலுதான் கேக்குது. நீ வாய மட்டும் ஆட்டிகினு நிக்கிறியா? இந்தத் திருவிழாவுலயும் கேக்கலன்னா நின்னுடு. வூட்ல வேல கீது.”

ஐரீன் குழம்புச் சட்டியை மூடி வைத்தாள். ஆனால் அவள் நெஞ்சில் ஒரு முரசு அதிர்ந்தது. ஏனெனில் அந்த ஆண்டுத் திருவிழாவுக்கென வந்திருந்த காணிக்கைப் பாட்டை நான்கு குரலுக்கு இசையமைத்த முகம் தெரியாத அருளாளர், ஓரிடத்தில் ‘தந்தேன்’ என்னும் ஒற்றைச் சொல்லை இரண்டாம் குரலுக்கு மட்டும் ஈந்து, மற்ற மூன்று குரல்களையும் அங்கே வாய்மூடி நிற்கப் பணித்திருந்தார். மூன்றாண்டுத் தவத்துக்கு வாய்த்த வரம் அந்த இரண்டு தட்டு.

ஆயினும் வரங்கள் யாவும் சைக்ளோஸ்டைல் இயந்திரத்தின் வழியாகவே மண்ணுலகை அடைகின்றன. அசல் தாள் புதுச்சேரியிலிருந்து இரவலாக வந்து, இருந்த சுவடு தெரியாமல் திரும்பிவிட்டது. அது போகுமுன், பகலில் துறைமுக எழுத்தரும் மாலையில் பாடகர் படையின் தளபதியுமாகிய அம்புரோஸ் மாஸ்டர், மெழுகு பூசிய ஸ்டென்சிலில் எழுத்தாணியால் கீறிப் படியெடுத்திருந்தார். கையிலிருந்தது ஒரே ஸ்டென்சில். எனவே முதற்குரலையும் இரண்டாம் குரலையும் மேனாட்டுச் சுரக்குறிப்பின் ஒரே ஐந்து கோட்டில், ஒரே குழாயடியில் தண்ணீர் பிடிக்கும் இரண்டு குடித்தனங்களைப்போல, சேர்த்துக் குடியேற்றினார். மேல்வீட்டுச் சுரங்களுக்கு வால் மேல்நோக்கியும், கீழ்வீட்டுச் சுரங்களுக்கு வால் கீழ்நோக்கியும் இருக்கும். அதனால் எது யாருடையது என்பதில் குழப்பமில்லை. ஆனால் ‘இங்கே பாடாதே’ என்று பணிக்கும் ஓய்வுக்குறிக்கு வால் கிடையாது. கோட்டின்மேல் குந்தியிருக்கும் குட்டிக் கறுப்புச் செங்கல் அது. வால் இல்லாத அந்தச் சிற்றுருவிடம் ‘நீ யாருடைய மௌனம்?’ என்று எப்படிக் கேட்பது?

முதல் ஒத்திகையில் போர் மூண்டது. முதற்குரல் சேனையின் தலைவி ஹில்டா துறைமுகத் தொலைபேசி நிலையத்தில் பணிபுரிபவள். தொலைபேசி இல்லாமலே காட்டுப்பள்ளிவரை பேச வல்லவள். காற்றில் ஏறினால் இறங்கத் தெரியாத அவள் குரல், செங்கல்லைக் கண்டும் காணாமல், வெள்ளத்தில் வந்த படகு வரப்பைத் தாண்டுவதுபோல ‘தந்தேன்’ மீது ஏறிக் கடந்தது. அதன் அடியில் ஐரீனின் ‘தந்தேன்’ இருந்ததென்பதை ஐரீன் மட்டுமே அறிவாள்.

அப்போது அவள் கையை உயர்த்தினாள். மூன்றாண்டில் முதன்முறையாக.

“ஹில்டாக்கா, அங்க ஒங்களுக்கு ரெஸ்ட்டு.”

“எனுக்கா?” என்றாள் ஹில்டா, தாளைத் தூரத்தில் பிடித்து. “அது உன் ரெஸ்ட்டும்மா. நீதான் சும்மா நிக்கணும்.”

“கீழ எனுக்கு சுரம் கீதே. பாடிகினே சும்மா எப்படி நிக்கிறது?”

இந்தத் தர்க்கத்தின் கூர்மையில் அவை திகைத்தது. அடித்தொண்டை வேந்தன் யேசுதாஸ் மட்டும், கிரேன் ஓட்டிக் களைத்த தோள்களைச் சுவரில் சாய்த்தபடி அருள்வாக்கு உரைத்தான்.

“இன்னாத்துக்கு சண்ட? ரெண்டு பேருக்கும் வேணான்னா ரெஸ்ட்ட எனுக்குக் குடுத்துடுங்க. நான் குந்திக்கறேன்.”

அம்புரோஸ் மாஸ்டர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றித் தாளை மூக்கருகே கொணர்ந்து தீர்ப்புக் கூறினார். “மேல் கோட்டு மேல குந்திகினு கீது. அப்போ மேல் வூட்டுக்காரிக்குத்தான். ஹில்டா, நீ நிறுத்தணும்.”

முதற்கோட்டை வீழ்ந்தது. ஆனால் ஹில்டா ஒரே கோட்டையை நம்பிப் போருக்கு வருபவளல்லள்.

“மாஸ்டர், கோச்சுக்காதீங்க. இது ரெஸ்ட்டே இல்ல. மை. ஒங்க மெஷின் துப்பிகீது.”

அந்தச் சொல்லின் கொடுமையை அளக்க, கோயில் அலுவலகத்து இயந்திரத்தை அறிந்திருக்க வேண்டும். கைப்பிடி சுழலும்தோறும் கனைத்து, தாளை விழுங்கி, மையை உமிழ்ந்து, ஞாயிறு அறிவிப்புகளைக்கூட இழவுச் செய்திபோல் கறுப்பு விளிம்புடன் ஈன்றெடுக்கும் இரும்புப் பேய் அது. மைத்துளியின் விளிம்பு பிசிறும், எழுத்தாணிக் கோட்டின் விளிம்பு நேராக இருக்கும் என்பது உலகியல். இந்த இயந்திரமோ உலகியலுக்கு உட்பட்டதில்லை. அது துப்பியதில் சதுரமும் உண்டு. ஒருமுறை பாப்பரசரின் படத்துக்கு மீசையும் உண்டு.

அம்புரோஸ் மாஸ்டரின் முகம் சிவந்தது. மானம் என்னும் மதயானை சங்கிலியறுத்தது.

“இன்னா சொன்ன? என் ஸ்டென்சில்ல மை கொட்னதே இல்ல. தாள்ல கறுப்பா எது கீதோ, அது அத்தினியும் நான் போட்டது. அத்தினிக்கும் மரியாத குடுத்துப் பாடணும்.”

“அத்தினிக்கும்மா?” என்றாள் ஹில்டா, மிகப் பணிவாக.

“அத்தினிக்கும்.”

பணிவைப்போல் பயங்கரமான படைக்கலம் பிறிதில்லை. அடுத்த ஒத்திகையில் ஹில்டாவும் அவள் சேனையும் தாளிலிருந்த ஒவ்வொரு கறுப்புக்கும் ஓய்வு கொடுத்தார்கள். ‘ஆண்டவரே’ என்னும் சொல் ‘ஆண்’ என்று எழுந்து, கடுகளவு கறையொன்றில் தடுக்கி நின்று, வெகுநேரம் யோசித்து, ‘டவரே’ என்று முடிந்தது. ‘காணிக்கை’ கால் முறிந்து ‘கா’ ஒரு கரையிலும் ‘ணிக்கை’ மறுகரையிலுமாக ஒன்றையொன்று அழைத்துக்கொண்டிருந்தன. தாளுக்குத் தாள் கறை இருக்குமிடம் வேறாகையால் ஒருத்தி நின்றபோது மற்றொருத்தி பாட, அவள் நின்றபோது இன்னொருத்தி பாட, முதற்குரல் சேனை இரவில் தாக்குண்ட பாசறைபோல் திசைக்கொன்றாய்ச் சிதறியது. தன் தாளில் பலாக்கொட்டை பருமனில் ஒரு கறையைக் கண்டெடுத்த யேசுதாஸ், ஆழ்ந்த நன்றியுணர்வோடு பெஞ்சில் அமர்ந்து, பாட்டு முடியும்வரை எழவேயில்லை.

“இன்னாடா பண்றே?” என்றார் மாஸ்டர்.

“மரியாத குடுத்துகினு கீறேன் மாஸ்டர்.”

மாஸ்டர் ஆர்மோனியத்தை மூடினார். “வாணாம். இந்தப் பாட்டே வாணாம். போன வருசத்துப் பாட்டையே பாடிக்கலாம்.”

போன வருடத்துப் பாட்டில் இரண்டாம் குரல் தொடக்கம் முதல் இறுதிவரை முதற்குரலின் கீழேயே நடக்கும். ஐரீனின் உள்ளம், சரக்கு ஏற்றாமலே நங்கூரம் எடுக்கும் கப்பலைக் கரையிலிருந்து பார்ப்பவர்போல் வெறிச்சோடியது. அவள் சிதறிய படையை நோக்கினாள். படை ஏன் சிதறியது? தாளுக்குத் தாள் கறை வேறு. வேறு என்றால்...

அவள் எழுந்தாள். ஒவ்வொருவர் கையிலிருந்தும் தாளை வாங்கினாள். ஹில்டாவினதையும் வாங்கினாள். மேற்கு ஜன்னலருகே சென்று, ஓரத்தோடு ஓரம் தட்டிச் சேர்த்து, சிலவற்றை ஒன்றன்மேலொன்றாகக் கண்ணாடியில் அழுத்திப் பிடித்தாள். ரயில் பாதைக்கு அப்பால் இறங்கிக்கொண்டிருந்த சூரியன், அன்றைய வேலை முடிந்த நிம்மதியில், தன் ஒளிப்படை முழுவதையும் அத்தாள்களினூடே செலுத்தினான்.

கறைகள் யாவும் வானத்து மீன்கள்போல் இங்கொன்றும் அங்கொன்றுமாய்ச் சிதறிக் கிடந்தன. ஒன்றன்மேல் ஒன்று பொருந்தியது ஒன்றுகூட இல்லை. ஐந்து கோடுகளும் சுரங்களும் மட்டும் அசையாது பொருந்தி நின்றன. அவற்றினிடையே, மேல் கோட்டின்மேல், எல்லாத் தாளிலும் அதே இடத்தில், அதே அளவில், குட்டிச் செங்கல் ஒன்று கருகருவென வீற்றிருந்தது.

“மை மெஷினோடது மாஸ்டர்,” என்றாள் ஐரீன் தணிந்த குரலில். “ரெஸ்ட்டு ஒங்களோடது.”

மாஸ்டர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றித் தாள்களைப் பார்த்தார். பிறகு ஆர்மோனியத்தைத் திறந்தார். ஹில்டாவும் பார்த்தாள். தோற்றவர் முகத்தை வருணிப்பது எம் மரபன்று.

“சரி வுடு. ரெண்டு தட்டுதான. எச்சி முழுங்கிக்கறேன்,” என்றாள்.

திருவிழா நாள் வந்தது. மெழுகுவர்த்திகள் வேல்முனைகளாய் ஒளிர, சாம்பிராணி மேகமாய்க் கவிய, மல்லிகையும் வியர்வையும் மணக்க, கடைசித் தூண் வரை மக்கள் வெள்ளம் நிரம்பி நின்றது. அந்தக் கடைசித் தூணில் சாய்ந்து நின்றார் இக்னேஷியஸ். காணிக்கைப் பாட்டு எழுந்தது. ஹில்டாவின் குரல் கோபுரத்து மணியை உரசிக்கொண்டு உயர்ந்தது, செங்கல்லை நெருங்கியது, பழக்கம் என்னும் குதிரை பாயத் துடிக்க, அவள் வாய் பாதி திறந்தது. ஐரீன் மூச்சை நெஞ்சு நிறைய இழுத்தாள். அந்த வாய் மூடியது. மெய்யாகவே எச்சிலை விழுங்கியது. ஆண்குரல்கள் மகிழ்ச்சியோடு ஓய்ந்தன. அத்தனை பெரிய கோயிலில், அந்த இரண்டு தட்டுக்கு, ஒரே ஒரு குரல் மட்டும் அதிரவும் தழுதழுக்கவும் செய்யாமல் நேராக நடந்து நடுவழியைக் கடந்து கடைசித் தூணை அடைந்தது.

“தந்தேன்.”

பூசை முடிந்ததும் வாசலில் இக்னேஷியஸ் தன் வின்ச்சுத் தோழர்கள் சூழ நின்று வெற்றியுரை நிகழ்த்திக்கொண்டிருந்தார்.

“பாத்தியா நீ? நடுவுல அந்த ஹில்டா பொண்ணு பாட்ட மறந்துட்ச்சு. ஆம்பளைங்களும் அம்பேல். அல்லாரும் பேந்தப் பேந்த முழிச்சிகினு நிக்கிறாங்க. எம் பொண்ணு ஒருத்திதான் வுடாம புட்சிகினா. இல்லன்னா சாமியார் முன்னாடி மானம் பூட்டிருக்கும்.” மகளைக் கண்டதும் குரலைத் தாழ்த்தினார். “நின்னுடாத. தொடந்து போ. நீ இல்லன்னா அங்க ஒண்ணும் வேலைக்காவாது.”

இரண்டடி தள்ளி ஹில்டா நின்றிருந்தாள், அனைத்தும் கேட்டாள், அவள் விழிகள் இரண்டும் கொல்லன் உலையிலிருந்து எடுத்த வேல்களாய் ஐரீன்மீது பாய்ந்தன. ஓய்வுக்குறியின் இலக்கணத்தையும், அசையாத செங்கல்லின் பெருமையையும், மறவாமல் மறந்ததுபோல் நின்ற ஹில்டாவின் வீரத்தையும் தந்தைக்கு விளக்கி வாய்மையை நிலைநாட்டுவதா, அல்லது பேராடை விரித்தாற்போல் தன்முன் விரிந்துகிடக்கும் இப்பெரும் புகழை எடுத்துப் போர்த்திக்கொள்வதா என்னும் அறப்போர், அதுவரை நடந்த போர்களையெல்லாம் விஞ்சியதாய், அவள் நெஞ்சக் களத்தில் கணப்பொழுது மூண்டது.

ஐரீன், “ஆமா நைனா” என்று சொல்லிவிட்டு, செருப்பைத் தேடப் போனாள்.