கைப்பிடியில் ஏற்றிய எடை

அன்பும் மரியாதையும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். அதாவது, மருத்துவர் நலம் என்கிறார்; அவர் தவறாகச் சொல்லியிருக்கவும் கூடும். வெளியூர் வேலையில் தாங்களும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தாங்கள் அன்புடன் அனுப்பிய கோல்ஃப் மட்டை உடையாமல் வந்து சேர்ந்தது. உடைந்து வந்திருக்கலாமே என்று ஒரு கணம் தோன்றியது உண்மை. நன்றிகெட்ட நினைப்பு, மன்னித்துவிடுங்கள். கீழே எழுதுவதை மட்டையின் மீது சொல்லும் குறையாகவோ தங்கள் மீது சொல்லும் குறையாகவோ எடுத்துக்கொள்ள வேண்டாம். குறை என்னுடையது என்றே நினைக்கிறேன்.

தங்கள் தந்தையாரும் நானும் ஞாயிறு காலையில் ஜோடியாக ஆடுவது தங்களுக்குத் தெரியும். ஏன் ஆடுகிறேன் என்பது தெரியாது. ஆட்டம் முடிந்ததும் சம்பந்தி, "வாங்க, ஒரு வாய் சாப்பிட்டுப் போகலாம்" என்று காரில் ஏற்றி வீட்டுக்கு அழைத்துப் போவார். அங்கே என் மகள் காபி கொடுப்பாள். பேத்தி என் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்குவாள். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் வெயிலில் அந்தப் புல்வெளி முழுவதும் நடக்கிறேன். பெண்ணைக் கொடுத்த வீட்டில் காரணமில்லாமல் போய் நிற்க எனக்குக் கூச்சம். ஒருமுறை "சும்மாதான் வந்தேன்" என்று சொல்லிவிடுவதாகத் தீர்மானித்து உங்கள் வாசல் வரை வந்தேன். பிறகு எதிர்வீட்டுக்காரரிடம் மணி கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன். என் கையில் கடிகாரம் இருந்ததை அவர் கவனித்தார்.

இந்த நிலையில்தான் என் வலது மணிக்கட்டு கெட்டது. பந்து குழிக்கு ஒரு முழத் தூரத்தில் இருக்கும், குழந்தைகூட உருட்டிவிடும், நான் மட்டையை அசைக்கும் கடைசி நொடியில் மணிக்கட்டு ஒரு துடி துடிக்கும், பந்து குழியைச் சுற்றிக்கொண்டு போய்விடும். "என்ன சம்பந்தி, உங்க பந்துக்குக் குழியோட ஏதாவது மனஸ்தாபமா?" என்பார் தங்கள் தந்தையார். பல் மருத்துவராக இருந்தவர், வலிக்குமிடம் எது என்று அவருக்குத் தெரியும். அதையாவது தாங்கிக்கொள்ளலாம். போன மாதம் காரில் வரும்போது, "பேங்க்காரரோட மைத்துனர் இன்னும் ரெண்டு மாசம்தான் ஆட வருவாராம். அப்புறம் பேங்க்காரருக்கு ஒரு ஜோடி வேணுமாம், பாவம்" என்றார். பேங்க்காரர் என்பது மைத்துனரோடு சேர்ந்து எதிர் ஜோடியில் ஆடும், ஓய்வு பெற்ற வங்கி மேலாளர். மணிக்கட்டு துடிக்காதவர். சம்பந்தி என்னைக் கழற்றிவிட்டு அவரைச் சேர்த்துக்கொள்ளப் போகிறார் என்பது புரிய எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. என் மகள் மணிக்கட்டு விஷயத்தைத் தங்களிடம் சொல்லப்போய்த்தான், கைப்பிடி நுனியில் எடை ஏற்றிய இந்த எதிரெடை மட்டையைத் தாங்கள் அனுப்பினீர்கள்.

வாழ்நாளெல்லாம் பௌதிகம் கற்பித்தவன், முதல் வாரம் அதைப் பழக்கதோஷத்தில் கைப்பிடியின் மேல்நுனியிலேயே பிடித்தேன். எதிரெடை முழுவதும் என் உள்ளங்கைக்குள் பத்திரமாக இருந்தது. மட்டை வழக்கத்தைவிட நீளமானதால் பந்து தள்ளிப் போய்விட்டது, அதை எட்டக் குனிந்ததில் இடுப்புப் பிடித்துக்கொண்டது. பிறகு யோசித்துப் பார்த்தேன். சாதாரண மட்டையில் கனமெல்லாம் கீழே, தலையில் இருக்கிறது. கை துடித்தால் தலை சட்டென்று திரும்பிவிடும். இதில் தலையையும் சற்றுக் கனமாக்கி, கைப்பிடியை நீட்டி, மேல்நுனியில் எடை ஏற்றியிருக்கிறார்கள். நுனியிலிருந்து நாலு விரல் கீழே பிடித்தால் கைக்கு மேலேயும் கனம், கீழேயும் கனம். கயிற்றின் மேல் நடப்பவர் நீளக் கம்பு பிடிக்கிறாரே, அது போல. கம்பு எளிதில் சாயாது, மட்டை எளிதில் திரும்பாது. கை பதறினாலும் மட்டை, "இருப்பா, என்ன அவசரம்" என்று தன் போக்கில் போகும். தத்துவத்தில் ஒரு பிழையும் இல்லை.

தத்துவம் என்னிடம் வந்தால் என்ன ஆகும் என்று பார்க்க, கூடத்துக் கம்பளத்தின் மேல் ஒரு டம்ளரைச் சாய்த்து வைத்துப் பழைய மட்டையாலும் புதிய மட்டையாலும் மாற்றி மாற்றி உருட்டினேன். இரண்டிலும் எல்லாம் உள்ளே போயின. தனியாக இருக்கும்போது என் கை துடிப்பதே இல்லை. இப்படி இருந்தால் சோதனை செல்லாது என்று மாடி வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, எதிரே நின்று என்னைக் கொஞ்சம் ஏளனமாகப் பார்க்கும்படி கேட்டுக்கொண்டேன். நல்ல மனிதர். "எப்படி சார் பாக்கறது? நீங்க நல்லாத்தானே உருட்டறீங்க" என்று சங்கடப்பட்டார். கொஞ்ச நேரத்தில் அவருக்குக் கொட்டாவி வந்தது, எனக்குத் துடிப்பும் வந்துவிட்டது. அப்போது பழைய மட்டை கைவிட்டது, புதியது காப்பாற்றியது. ஆனால் தொலைவிலிருந்து உருட்டும்போது கனத்துக்கு எவ்வளவு வேகம் போதும் என்று பிடிபடாமல், பந்து டம்ளரைத் தாண்டிச் சமையலறைக்குள் அடுப்படிக்குப் போனது. ஆகவே, கிட்டே உதவும், தூரத்தில் பழக வேண்டும், குறி பார்க்கத் தெரியாதவனுக்கு எதுவும் செய்யாது. இவ்வளவுதான் நான் கண்டது. கைக்கு எதிரெடை கிடைத்துவிட்டது, பயத்துக்கு எங்கே வாங்குவது என்று தெரியவில்லை.

போன ஞாயிறு அதை எடுத்துப் போனேன். கிட்டத்துப் பந்துகள் ஒவ்வொன்றாக உள்ளே விழுந்தன. "என்ன சம்பந்தி, ராத்திரியோட ராத்திரியா ஆளே மாறிட்டீங்க?" என்றார் தங்கள் தந்தையார். கடைசிக் குழியில் என் பந்து விழுந்தால் எங்கள் ஜோடிக்கு வெற்றி. விழுந்தது. நான் நிமிர்வதற்குள் பேங்க்காரர் கையைத் தூக்கினார். "ஒரு நிமிஷம். மட்டை நுனியை வயித்துல முட்டுக் கொடுத்தீங்களே, அது செல்லாது." அப்படி ஒரு விதி இருக்கிறது. கைக்கு மேலே நீண்டிருக்கும் நாலு விரல் என் வயிற்றுப் பக்கம்தான் இருந்தது. "எங்க முட்டினார்? நான் பாத்துட்டுத்தானே இருக்கேன். சொல்லுங்க சம்பந்தி, பட்டுச்சா இல்லையா?" என்றார் தங்கள் தந்தையார். மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். இல்லை என்று சொன்னால் முடிந்தது. நான், "படலைன்னு உறுதியா சொல்ல முடியாது" என்றேன். "பட்டிருக்கவும் கூடும். சட்டை மட்டும் பட்டதோ என்னவோ" என்று மேலும் விளக்கினேன். குழி அவர்களுக்குப் போயிற்று. காரில் தங்கள் தந்தையார் ஒரு வார்த்தை பேசவில்லை. என் வீட்டு முனையில், "இடுப்பு வலின்னீங்களே, போய் ரெஸ்ட் எடுங்க" என்று இறக்கிவிட்டார். அன்று காபி இல்லை.

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். அவர் என்னை விலக்குவதற்கு முன் நானே விலகிக்கொள்வதாகத் தாங்கள் பக்குவமாகச் சொல்லிவிட வேண்டும். கூடவே, நான் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வீட்டுக்கு வர வேறு ஏதாவது காரணம் கண்டுபிடித்துத் தர வேண்டும். பேத்திக்குக் கணக்குச் சொல்லித் தரலாம் என்று நினைத்தேன். அவளுக்கு இன்னும் மூன்று வயது ஆகவில்லை. தங்கள் வீட்டுக் குழாய் ஏதேனும் ஒழுகுகிறதா?

எல்லா நலமும் பெற்றுத் தாங்கள் நீடூழி வாழ வேண்டும். வேலையில் மேன்மேலும் உயர வேண்டும். மட்டையைத் துடைத்து உறையில் போட்டு வைத்திருக்கிறேன்.

என்றும் தங்கள் நலம் நாடும்,
மாமனார்

பின்குறிப்பு: இதை உறையிலிடும்போது மகள் தொலைபேசியில் அழைத்தாள். மேலே உள்ளதில் பெரும்பகுதி தவறு. "அப்பா, மாமாவுக்கு அந்த விளையாட்டே பிடிக்காதுப்பா. முட்டி வலியோட நடக்கிறார். உங்களுக்கு அதுல உயிரு, அதை விட்டா நீங்க வெளியிலயே வர மாட்டீங்கன்னுதான் இத்தனை நாளும் கூட வர்றார். உங்களை அந்த பேங்க்காரரோட சேத்துவிட்டுட்டு, நிம்மதியா வீட்ல உக்காந்து உங்களுக்காகக் காத்திருக்கலாம்னு பாத்தார். நீங்க காதுலயே போட்டுக்கல. அன்னிக்கு நீங்க தோத்துட்டு மூஞ்சியத் தொங்கப் போட்டதும் அவருக்கு என்ன பேசறதுன்னே தெரியலையாம்" என்றாள். தான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளக் கூடாது என்று சத்தியமும் வாங்கிக்கொண்டாள். அவள் வைத்த சிறிது நேரத்தில் சம்பந்தியே அழைத்தார். "ஞாயித்துக்கிழமை வழக்கம்போல ஆடலாம்ல, சம்பந்தி?" என்றார். குரல் சோர்ந்திருந்தது. உண்மையைச் சொல்லிவிட வாயெடுத்தேன்.

"அதுக்குத்தான் காத்துட்டிருக்கேன்" என்றேன்.