காலைச் சாயமும் பின்னேரச் சாயமும்

ஒரு சம்பளத்துக்கு இரண்டு ஆட்களை வைத்திருந்த கம்பனி உலகத்திலேயே புளியங்குளத்து எங்கள் தேயிலைக் கம்பனி ஒன்றுதான். அந்த இரண்டு ஆட்களும் ஒரே மனிதர். ஊர் அவரைச் ‘சாயம்’ என்று கூப்பிட்டது. எங்கே தேத்தண்ணி கொடுத்தாலும் கிளாசை வெளிச்சத்துக்குப் பிடித்து, நிறம் போதவில்லையென்று “சாயம் காணாது” என்பார். பெண் பார்க்கப் போன வீட்டிலும் அப்படித்தான் சொன்னார். அந்தச் சம்பந்தம் சரிவரவில்லை.

கொழுந்து பறித்தது போதும் என்று மலையகத்தை விட்டு வன்னிக்கு வந்தவர்கள் அவருடைய பெற்றோர். மகனோ தேடிப் பிடித்துத் தேயிலைக் கம்பனியிலேயே சேர்ந்தார். தாய் கனநாள் அவரோடு கதைக்கவில்லை.

நாங்கள் தேயிலை பொதி செய்யும் கிளைக்கு அவர்தான் பொறுப்பு. காலையில் தேத்தண்ணிக் கடைகளுக்குத் தூள் தேயிலை. அதில் இம்மியும் மாறக் கூடாது; பையின் முடிச்சு இடம் மாறினாலும் அவிழ்க்கச் சொல்வார். மத்தியானம் சாப்பிட்டதும் நீளக்காற்சட்டையைக் கழற்றிச் சாரம் கட்டுவார். அதன்பிறகு பின் அறையில் இஞ்சி, முருங்கையிலை, ஆவாரம்பூ என்று கண்டதையும் தேயிலையோடு கலந்து புதுச்சரக்குப் பரிசோதனை. குடித்துப் பார்ப்பது நாங்கள். வயிறு கலங்குவதும் எங்களுக்குத்தான்.

ஒரு பின்னேரம் தூள் கேட்டு வந்த கடைக்காரரிடம், “அது காலமை ஆளின்ரை வேலை. அவர் வீட்டுக்குப் போயிட்டார், நாளைக்கு வாங்கோ” என்று சாரத்தோடு நின்று சொன்னார். மறுநாள் காலை, இஞ்சி முடிந்துவிட்டது என்று நான் சொன்னதற்கு, “பின்னேரம் வாற ஆள் ஒரு விசரன், தங்கச்சி. அவருக்கு ஒண்டும் வாங்கிக் குடுக்காதை” என்றார்.

கொழும்பிலிருந்து கம்பனிப் பெரியவர் வந்தார். “ரெண்டையும் செஞ்சா ரெண்டும் கெட்டுப்போகும். தூள் யாவாரம் படுத்திட்டு வருது, புதுசு எழும்பவே இல்ல. அடுத்த முறை வரும்போதும் இப்படியே இருந்தா கிளைய மூட வேண்டியதுதான்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூடினால் நாங்கள் விடியமுன்னம் பஸ் ஏறி, தூரத்து ஆடைத் தொழிற்சாலைக்குப் போக வேண்டும். பிள்ளைகள் கண் முழிக்கும்போது தாய் வீட்டில் இருக்க மாட்டாள். எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது; சாயத்திடமே போய்க் கேட்டேன்.

“ஏதாவது ஒண்டை விடுங்கோவன் அண்ணை!”

“விடமாட்டன். காலமை ஆள் இல்லாட்டி இண்டைக்குச் சோறில்லை. பின்னேர ஆள் இல்லாட்டி நாளைக்குச் சோறில்லை.”

அந்தக் கிழமை துணுக்காயில் ஒரு செத்தவீடு. நூல் கட்டிய சின்னச் சின்ன இஞ்சித் தேயிலைப் பைகளைச் சாயம் இலவசமாகக் கொண்டுபோய்க் கொடுத்தார். நானும் போயிருந்தேன். அவரோடு சமையல் நடக்கும் குசினிப் பக்கம் எட்டிப் பார்த்தால், பெண்கள் கத்தரிக்கோலோடு வட்டமாக இருந்து ஒவ்வொரு பையாக வெட்டித் தேத்தண்ணி கொதிக்கும் பெரிய கிடாரத்துக்குள் கொட்டுகிறார்கள்.

“ஆர் தம்பி இதைக் கட்டினது? இவ்வளவு சனத்துக்கு வெட்டி முடியிறதுக்கிடையிலை பிரேதத்தை எடுத்துப்போடுவினம்” என்றார் ஒரு அம்மா. “அதோடை சாயமும் காணாது.”

சாயத்தின் முகத்தை அப்படி நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

மறுநாள் காலை நீளக்காற்சட்டைக்கு மேலே சாரத்தைக் கட்டிக்கொண்டு வந்தார். நாங்கள் ஆளையாள் பார்த்தோம். “என்ன பாக்கிறியள்? இண்டைக்கு ரெண்டு பேரும் வந்திருக்கிறம்” என்றார். காலைத் தூளையும் பின்னேர இஞ்சியையும் கலந்து, தலையணை அளவு மெல்லிய துணிப் பைகளில் நிரப்பித் தைத்தோம். கிடாரத்துக்கு ஒரு பை. கொதிதண்ணீரில் போட்டு எடுத்தால் வீட்டுச் சனம் முழுவதற்கும் பால் போடாத பிளேன்ரீ.

முதலில் செத்தவீடுகள் கேட்டன, பிறகு கல்யாண வீடுகள். வற்றாப்பளைக் கோயில் பொங்கலுக்குப் போகிறவர்களுக்குத் தண்ணீர்ப் பந்தல் போட்டவர்களும் கேட்டார்கள். இஞ்சி வேண்டாம், வெறும் தூளில் அதே பை தாருங்கள் என்று தேத்தண்ணிக் கடைக்காரர்களும் வந்து நின்றார்கள்.

பெரியவர் திரும்பி வந்தார். கிடாரத் தேத்தண்ணி குடித்தார், இன்னொரு கிளாசும் கேட்டு வாங்கினார். மூடுகிற கதையை எடுக்கவே இல்லை. “நீங்க கொழும்புக்கு வந்துடுங்க, பெரிய பதவி தாறேன்” என்றார். இந்த மனிதர் போனால் கிளை எத்தனை நாளைக்கு?

சாயம் தலையைச் சொறிந்தார்.

“காலமை ஆளைக் கேட்டன் சேர், அவருக்குச் சம்மதம். பின்னேர ஆள்தான், இந்தப் பிள்ளையளை விட்டிட்டு வரமாட்டாராம்.”

அடுத்த நாள் என் சின்னவள் கண் முழித்தபோது நான் வீட்டில்தான் இருந்தேன். அந்த இரண்டு பேரையும் எனக்கு அவ்வளவு பிடிக்கும்.