லத்தீன் பெண் பார்க்கப் போன கதை

பெண் பார்க்கப் போன இடத்தில் இலக்கணம் பேசி, அடி வாங்காமல் திரும்பிய ஒரே மனிதர் உலகத்தில் எங்கள் லத்தீன்தான். பாதிரியாராகப் படிக்கப் போய், "எனக்குக் கல்யாண ஆசை இருக்குதுங்க" என்று அங்கே நேர்மையாகச் சொல்லிவிட்டு வந்தவர். கையோடு கொண்டுவந்தது லத்தீன் மொழி மட்டும். அதுவே பெயராகிவிட்டது. சிங்காநல்லூர் மேன்ஷனில் என் அறைத்தோழர். பம்புசெட் கடையில் விற்பனையாளர்.

பழைய மொழிகளில் பெயரடைதான் எஜமான் என்பார். ஐ, ஆல், கு என்று பள்ளியில் படித்தோமே, அந்த வேற்றுமைகளில் எது வரவேண்டும் என்று பெயர்ச்சொல்லுக்கு அது உத்தரவு போடுமாம்.

"லத்தீன்ல 'ஆசையுள்ள'ன்னு வந்தா ஆறாம் வேற்றுமைங்க. நான் பஜ்ஜியோட ஆசைக்காரனுங்க" என்பார் மெஸ் அம்மாவிடம்.

"யாரோட ஆசைக்காரனா வேணாலும் இருந்துக்குங்க தம்பி. சட்னியச் சிந்தாம தின்னுங்க."

ஒருநாள் கடைக்கு வந்த விவசாயி, கிணறு நிறையத் தண்ணீர் இருப்பதாகச் சொன்னார். "'நிறைந்த'ன்னு வந்தா தண்ணிக்கு ரெண்டு வேற்றுமை வருமுங்க" என்றார் லத்தீன். விவசாயி மிரண்டுபோய், "அப்ப ரெண்டு மோட்டார் போடோணுங்களா?" என்று கேட்டு, இரண்டையும் வாங்கிப்போனார். முதலாளி லத்தீனைத் திட்டாத நாள் அது ஒன்றுதான்.

பவானியில் பெண் பார்க்க என்னையும் அழைத்துப் போனார். பெண்ணின் அப்பா என்னைப் பார்த்து, "பையன் எம் புள்ளைக்குத் தகுதியானவருதானுங்களே?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் லத்தீன் முந்திக்கொண்டார்.

"'தகுதியான'ன்னு வந்தா லத்தீன்ல அஞ்சாம் வேற்றுமைங்க. பிரிஞ்சு போறதைச் சொல்ற வேற்றுமை."



"கல்யாணப் பேச்சுல என்னங்க பிரியறது?" என்று அப்பா எழுந்தேவிட்டார். தாய்மாமன் எங்கள் முன்னாலிருந்த மிக்சர் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். லத்தீனுக்கு அப்போதுதான் உறைத்தது. முகம் வெளுத்து, உதடு அசைந்தது; எந்த மொழியும் வரவில்லை. அவரைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

பெண்தான் நிமிர்ந்தாள். "அவரு பாஷையில எது வந்தா என்னங்கப்பா? நம்ம தமிழ்ல நாலாம் வேற்றுமைதானுங்களே வரும்? 'எனக்கு'த் தகுதியானவரு. அவ்வளவுதானுங்க."

அப்பாவுக்கு இலக்கணம் புரியவில்லை. மகளின் சிரிப்பு புரிந்தது. உட்கார்ந்தார். மிக்சர் திரும்பி வந்தது.

கல்யாணமாகி லத்தீன் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அறைக்கு வேறொருவர் வந்திருக்கிறார். தங்கமான மனிதர், இலக்கணமே பேசுவதில்லை. எனக்குத்தான் பொழுதே போகமாட்டேன் என்கிறது.